ஆறு ஆண்டுகளில் விடுபட்டவை

நகராட்சியின் அறிக்கை ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தாள். எட்டாம் பக்கம் வரை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒன்பதாம் பக்கத்துக்கு வந்ததும் கையிலிருந்த பால் பாக்கெட்டை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்குவதற்குள் விட்டுவிட்டாள். பால் படியிறங்கித் தெருவுக்கு ஓடியது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“பிழையே இல்லையாம்,” என்றாள். “என் பத்தியில பிழையே இல்லைன்னு எழுதியிருக்காங்க. எழுதிட்டு, அதை வச்சே கழுத்தறுத்திருக்காங்க.”

நான் வாங்கிப் பார்த்தேன். ‘மக்கள் அரங்கம் போதிய பயன்பாட்டில் இல்லை. வார இதழின் “இந்த வாரம் எங்கே” பகுதியின்படி கடந்த ஆறு ஆண்டுகளில் அங்கு நடந்த நிகழ்ச்சிகள் பத்தொன்பது மட்டுமே. மேற்படிப் பகுதி பிழையற்றது என்பது யாவரும் அறிந்ததே. எனவே அரங்கத்தை அகற்றி அவ்விடத்தை அலுவலக வாகன நிறுத்தமாக மாற்றப் பரிந்துரைக்கப்படுகிறது.’

மேற்படிப் பகுதியை இருபத்திரண்டு வருடமாக எழுதி வருபவள் சித்திதான். என் அம்மாவின் தங்கை. தெருவில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. லிஸ்ட்டக்கா என்றால்தான் தெரியும். நகரத்தின் இலவச வார இதழில் கடைசிப் பக்கம் அவளுடையது. எந்த அரங்கில் என்ன நாடகம், எந்த நூலகத்தில் என்ன கூட்டம், எந்தப் பள்ளியில் ஓவியக் கண்காட்சி, எந்தத் தெருவில் குடிநீர்க் குழாய் பற்றிக் குறைகேட்பு. ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம்: என்ன, எங்கே, எப்போது, யார் வரலாம். ஐந்தாவதாக ஒரு சொல் இருக்காது. ‘மாபெரும்’, ‘சிறப்பு’, ‘வாரீர்’ எல்லாம் அவள் பென்சிலுக்குத் தப்பியதே கிடையாது.

புதன்கிழமைதோறும் பதினோரு இடங்களுக்கு நடந்தே போவாள். அறிவிப்புப் பலகையைப் படிப்பாள், பொறுப்பாளரிடம் கேட்பாள், கடைசியாகக் கதவைத் தள்ளிப் பார்ப்பாள். திறக்காத கதவுக்குள் நிகழ்ச்சி நடக்கும் என்று அச்சடிக்க மாட்டாள். ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அவள் வீட்டுப் பின்னறைக்குத் திரும்பி வந்தபோது, நான் போன ஊர்களைப் பற்றி அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அங்கெல்லாம் கடைசிப் பக்கம் யாரு எழுதுறாங்க?”

இருபத்திரண்டு வருடத்தில் நான்கு திருத்தங்கள் மட்டுமே வெளியிட்டிருக்கிறாள். நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய மாயாஜால நிகழ்ச்சி சனிக்கிழமை என்று அச்சாகிவிட்டது. இரண்டு மகள்களோடு மழையில் வந்து நின்ற ஒரு தகப்பனின் முகவரியைத் தேடிப் பிடித்து, வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டாள். அந்த மனிதர் எதற்கு வந்திருக்கிறாள் என்றே புரியாமல் டீ கொடுத்து அனுப்பினாராம்.

அப்படிப்பட்டவளுக்கு, பத்தொன்பது என்ற எண் சரியானதுதான் என்பதும் தெரியும். வயிறு எரிந்ததே அதனால்தான்.

மக்கள் அரங்கம் அவள் நடையில் ஏழாவது இடம். ஆறு வருடத்துக்கு முன்பு நகராட்சியின் ஆட்கள் வந்து, பின்கதவு துருப்பிடித்துத் திறக்கவில்லை என்று எழுதினார்கள். அது சரியாகும் வரை உள்ளே ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். கதவு நகராட்சியின் கதவு. சரிசெய்ய வேண்டியவர்களும் அவர்களே. ஆறு வருடமாக யாரும் வரவில்லை. ஐம்பது பேருக்காக எந்த நாடகக் குழு வரும், எந்தக் கச்சேரி நடக்கும்? மாதம் ஏழெட்டு நிகழ்ச்சி நடந்த இடத்தில் வருடத்துக்கு மூன்று நடந்தது. கதவைத் திறக்காமல் விட்டவர்கள், உள்ளே யாரும் வரவில்லை என்று இப்போது அறிக்கை எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அரங்கம் ஒரு நாளும் சும்மா கிடந்ததில்லை. திங்கள் முதல் சனி வரை அங்கே ஒத்திகை. ஆஸ்பத்திரியில் துப்புரவு, சலவை வேலை பார்க்கும் பதினான்கு பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்கு வந்து பாடுவார்கள். புதனன்று பஸ் டிரைவர்களின் நாடகம். அதில் ஓய்வுபெற்ற டிரைவரான என் சித்தப்பாவும் உண்டு. நான்கு வருடமாக அவருக்கு ஒரே வசனம்தான், அதையும் மறப்பார். சனிக்கிழமை திக்கிப் பேசுபவர்கள் வருவார்கள். மேடையேறி, வெறும் நாற்காலிகளைப் பார்த்து, தங்கள் பெயரை முழுதாகச் சொல்லிப் பழகுவார்கள்.

இவற்றில் ஒன்றுகூடச் சித்தியின் பக்கத்தில் வந்ததில்லை. ஒத்திகை நிகழ்ச்சி ஆகாது என்பது அவள் சட்டம். அதற்கு மேல் ஒரு வாக்கும் கொடுத்திருந்தாள். பாட்டுக் குழுவின் தலைவி, துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள், முதல் வருடமே வந்து சொல்லிவிட்டுப் போனாள்: “தப்புத் தப்பா பாடுறதுக்கு ஊர்ல எங்களுக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கு அக்கா. அதைப் பேப்பர்ல போட்டுடாதீங்க.” சித்தி தலையை ஆட்டியிருந்தாள்.

அன்று மத்தியானமே ஆசிரியரிடம் போனோம். இதழின் அலுவலகம் ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஆசிரியர் நல்லவர்தான், ஆனால் நகராட்சிக் கடிதத்தைக் கண்டால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் வகை.

“ஒரு கட்டுரை எழுதிடுங்கம்மா,” என்றார். “அரங்கமும் நினைவுகளும்னு. அழகா, மனசைத் தொடுற மாதிரி. அரைப் பக்கம் தர்றேன்.”

“எனக்கு யார் மனசையும் தொட வேணாம் சார். திருத்தம் போடணும்.”

“திருத்தமா? எதுக்கு? நீங்க போட்டது எதுவும் தப்பில்லையே.”

“விட்டதும் தப்புதான். ஆறு வருஷத்துல விட்டது எல்லாத்தையும் போடணும். தேதி, நேரத்தோட.”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எத்தனை இருக்கும்?”

“ஆயிரத்தைத் தாண்டும்.”

“அம்மா, இது வார இதழ். டெலிபோன் டைரக்டரி இல்ல.”

“நகராட்சி அறிக்கையில ஆதாரம்னு யாரைக் காட்டியிருக்காங்க? நம்ம பத்திரிகையை. கட்டுரை எழுதினா அது என் கருத்து. மடிச்சுத் தூக்கிப் போட்டுடுவாங்க. திருத்தம் போட்டா அது அந்தந்த வாரத்துப் பக்கத்தோட சேர்ந்துக்கும். பத்தொன்பதை நம்பினவங்க அதையும் நம்பித்தான் ஆகணும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இல்லைன்னா அடுத்த வாரம் கடைசிப் பக்கத்தை நீங்களே எழுதிக்குங்க,” என்றாள். அவள் குரல் தாழ்ந்தால்தான் பயப்பட வேண்டும் என்பது ஆசிரியருக்குத் தெரியும்.

“அடுத்த வியாழன் காலைல பத்து மணிக்குள்ள வரணும்,” என்றார் அவர். “நாலு பக்கம். அதுக்கு மேல ஒரு வரி கிடையாது.”

அறிக்கை மேல் முடிவெடுக்கும் நகராட்சிக் கட்டடக் குழுவின் கூட்டம் அடுத்த செவ்வாய்க்கும் அடுத்த செவ்வாய். மறுநாள் இதழ் அச்சுக்குப் போயாயிற்று; இடையில் மிச்சம் ஒரே ஓர் இதழ். எங்களுக்கு ஆறு நாள் இருந்தது.

பாட்டுக் குழுத் தலைவியை ஆஸ்பத்திரியின் பின்வாசலில், ஷிப்ட் மாறும் இரண்டு மணிக்குப் பிடித்தோம். கையெல்லாம் வெந்நீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. சித்தி சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

“அப்ப வாக்கு?” என்றாள்.

“வாக்கு இருக்கட்டும். இடமே போகப் போகுது.”

“இடம் போனா அவங்க மேல கோவப்படுவேன். பேப்பர்ல வந்தா உங்க மேல கோவப்படுவேன். எங்கள்ல ஒருத்தி வீட்டுல ஓவர்டைம்னு சொல்லிட்டு வர்றா. ஆறு வருஷமா ஓவர்டைம். அவ மாமியாருக்குத் தெரிஞ்சா நீங்களா போய் சமாதானம் சொல்லுவீங்க?”

“பேரு போட மாட்டேன். குழு பேரும் போட மாட்டேன். தேதி, நேரம், ஒத்திகை. அவ்வளவுதான்.”

“பேரில்லாம போட்டா யாரு நம்புவா?”

“நம்ப வைக்கிறது என் வேலை.”

தலைவி சித்தியை ஏற இறங்கப் பார்த்தாள். “நாங்க நல்லா பாடுற அன்னைக்கு நாங்களே ஊரைக் கூப்பிடுவோம். அதுவரைக்கும் எங்களை யாரும் பார்க்கக் கூடாது, கேக்கக் கூடாது.”

“ஆறு வருஷமாச்சே, இன்னுமா ரெடி ஆகல?” என்று நான் வாயை விட்டுவிட்டேன்.

“அது எங்க விஷயம் கண்ணு,” என்றாள் தலைவி. சித்தி என் காலை மிதித்தாள்.

போகும்போது தலைவி திரும்பி, “பேரு வந்துச்சு, அப்புறம் இந்த மூஞ்சியை நீங்க பார்க்கவே முடியாது,” என்றாள். சம்மதம் அப்படித்தான் கிடைத்தது.

ஆதாரம் அரங்கத்துக்கு எதிரே இருந்த தையல் கடையில் இருந்தது. அரங்கத்தின் காவலாளி வேலையை நகராட்சி எடுத்துவிட்டபோது சாவி எதிர்க்கடை டெய்லர் கையில் வந்து சேர்ந்தது. யாரோ ஒரு நாள் விசிறியை நிறுத்தாமல் போய்விட்டார்கள். அந்தக் கோபத்தில் அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்: சாவி எப்போது போனது, யாரிடம் போனது, எப்போது திரும்பியது என்று எழுதுவது. அதற்கென்று தனி நோட்டா வாங்குவார்? வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டிலேயே எழுதினார். தடித்தடியாக ஒன்பது நோட்டுகள்.

டெய்லருக்கு அந்த அரங்கத்தோடு ஒரு பழைய கணக்கும் உண்டு. மேடையின் திரைச்சீலை அவர் தைத்தது. சட்டைத் துணியை நனைத்து உலர்த்தாமல் வெட்டவே மாட்டார். திரைத் துணியை மட்டும் அவசரத்தில் நனைக்காமல் வெட்டிவிட்டார். முதல் சலவையிலேயே ஒரு சாண் சுருங்கிவிட்டது. திரையை மூடினால் பின்னால் நிற்பவர்களின் பாதங்கள் தெரியும். பத்து வருடமாக ஊர் அதைச் சொல்லிக் காட்டுகிறது.

“டெய்லர் அண்ணே, நோட்டை ஆறு நாளைக்குக் குடுங்க,” என்றாள் சித்தி.

“குடுத்துட்டு நான் என்ன, கண்ணால அளந்து தைக்கிறதா? இங்கயே உட்கார்ந்து எழுதுங்க. எழுதுறப்ப திரையைப் பத்தி யாரும் பேசக் கூடாது.”

“பேச மாட்டேன்.”

“சிரிக்கவும் கூடாது.”

ஆறு நாளும் அந்தக் கடையின் துணி வெட்டும் மேசைக்கு அடியில், பலகை போட்டு உட்கார்ந்து எழுதினோம். ‘தோள் பதினேழு, கை இருபத்துநாலு’ என்று இருக்கும். அடுத்த வரி ‘சாவி போனது 6.10, பாட்டு’. அடுத்தது யாரோ ஒருவரின் கழுத்தளவு. அதற்கடுத்து ‘சாவி வந்தது 8.25’. சித்தி வாசிக்க நான் எழுதினேன். வாசிக்க வாசிக்க அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. மழை வெள்ளத்தில் பஸ் ஓடாத நாளிலும் சாவி போயிருந்தது. ஊரெல்லாம் காய்ச்சல் பரவியிருந்த மாதத்தில், அந்தப் பெண்கள் இரட்டை ஷிப்ட் பார்த்த மாதத்தில், சாவி இரவு எட்டுக்குப் போய் எட்டரைக்கு வந்திருந்தது. அரை மணி நேரம் பாட வந்திருக்கிறார்கள்.

“பாரு,” என்றாள் சித்தி. “இதை எல்லாம் நான் நிகழ்ச்சி இல்லைன்னு விட்டிருக்கேன். எனக்கு என்ன திமிரு இருந்திருக்கணும்.”

அவளுக்கு நகராட்சியின் மேல் இருந்த கோபத்தில் பாதி அன்று அவள் மேலேயே திரும்பியது. டெய்லர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “உங்களை நீங்களே திட்டுறதுன்னா வெளிய போய் திட்டுங்க. கஸ்டமர் பயப்படுறாங்க,” என்றார்.

அந்தப் புதன்கிழமை, இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகச் சித்தி நடைக்குப் போகவில்லை. என்னை அனுப்பினாள். நான் பதினோரு இடமும் போய்த் திரும்பியதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கதவைத் தள்ளிப் பார்த்தியா?” என்றாள். பத்து இடத்தில் தள்ளிப் பார்த்திருந்தேன். பதினோராவதற்குத் திரும்பவும் போக வைத்தாள்.

சித்தப்பா அன்று சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார். “புதன்கிழமை நாடகமும் வருதா?”

“வருது. பேரு வராது.”

“பேரு வரலைன்னா அதுல எனக்கு என்ன பெருமை?”

“முதல்ல அந்த ஒரு வசனத்தைச் சொல்லுங்க, பெருமையை அப்புறம் பார்க்கலாம்.”

வெள்ளிக்கிழமை இதழில் நான்கு பக்கமும் பொடி எழுத்தில் நிறைந்திருந்தது. மேலே இப்படி: ‘திருத்தம். கடந்த ஆறு ஆண்டுகளில் இப்பகுதியில் விடுபட்டவை. இடம்: மக்கள் அரங்கம். நிகழ்ச்சி: ஒத்திகை.’ பிறகு ஆயிரத்து எழுநூற்று அறுபத்திரண்டு வரிகள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம். வேறு ஒரு சொல் இல்லை. இடம் போதாததால் கட்டடக் குழுத் தலைவர் ஒரு பூங்காவில் மரக்கன்று நடும் படத்தை ஆசிரியர் எடுத்துவிட்டிருந்தார். அவர் வாழ்நாளில் செய்த துணிச்சலான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கூட்டம் காலை பதினொரு மணிக்கு. நீள மேசை, ஒன்பது உறுப்பினர்கள், நடுவில் கட்டடக் குழுத் தலைவர். பொதுமக்களுக்கு என்று சுவரோரம் இரண்டு பெஞ்சு. அதில் சித்தி, நான், நோட்டு மூட்டையோடு டெய்லர். பாட்டுக் குழுத் தலைவி கடைசியில், எங்களைத் தெரியாதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அம்மாவோட பத்தி மேல எங்க எல்லாருக்கும் பெரிய மதிப்பு உண்டு,” என்று தலைவர் ஆரம்பித்தார். “என் வீட்டுல கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்போம்.”

“படிச்சது போதும் சார். நாலு பக்கத் திருத்தம் உங்க முன்னாடி இருக்கு. அதைப் பதிவு பண்ணுங்க.”

“பார்த்தேன். நிறைய உழைச்சிருக்கீங்க. ஆனா இதுல பேரு எதுவும் இல்லையே. யாரு இவங்க? யாரு அங்க வந்தாங்க?”

“சொல்ல மாட்டேன்.”

“சொல்லலைன்னா நாங்க எப்படி எடுத்துக்கிறது?”

“பத்தொன்பதை எடுத்துக்கிட்டப்ப யாரு பாடினா, யாரு கைதட்டினான்னு கேட்டீங்களா? என் வார்த்தை போதும்னு எடுத்துக்கிட்டீங்க. மூடுறதுக்கு என் வார்த்தை போதும். திறந்து வைக்கிறதுக்குப் போதாதா?”

ஓர் உறுப்பினர் இருமினார். தலைவர் பொறுமையாகப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நான் பல ஊர்களில், பல மேசைகளுக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் களைத்துப் போகும் வரை அது மாறாது. “அப்படி இல்லம்மா. இந்தத் தேதி எல்லாம் எங்கிருந்து வந்துச்சு? கடையில எழுதின நோட்டுன்னு சொல்றாங்க. போன வாரம் உட்கார்ந்து எழுதினதா இருக்கலாமே. நான் யாரையும் குத்தம் சொல்லல.”

டெய்லர் எழுந்தார். அவர் எழுந்து பேசுவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் நோட்டைப் பிரித்து, விரலை நக்கி, ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

“அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, மார்ச் பன்னண்டாம் தேதி,” என்று வாசித்தார். “ஆறு மணி அஞ்சு நிமிஷம், சாவி போனது. அதுக்கு அடுத்த வரி ஒரு கோட்டு, ஒரு பேன்ட். நீங்க பதவி ஏத்துக்கிறதுக்குத் தைக்கக் குடுத்தது சார். மார்பு நாப்பது. இடுப்பு முப்பத்தெட்டு. அதுக்கு அடுத்த வரி, எட்டேகால், சாவி வந்தது. நடுவுல நீங்க நிக்கிறீங்க. சாவி பொய்யின்னா உங்க இடுப்பும் பொய்யி.”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எல்லோரும் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த செயலாளர் அம்மா பேனாவை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“போன வருஷத்து நோட்டுலயும் இருக்கீங்க,” என்றார் டெய்லர். “அந்த அளவையும் படிக்கட்டுமா?”

“வேணாம்,” என்றார் தலைவர். அந்தப் புன்னகை எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

அரை மணி நேரம் தங்களுக்குள் பேசிவிட்டுத் தீர்மானித்தார்கள். திருத்தம் பதிவு செய்யப்படுகிறது. முடிவு மூன்று மாதத்துக்குத் தள்ளி வைக்கப்படுகிறது. அதுவரை அரங்கம் திறந்திருக்கும். இடையில் அதிகாரிகள் எழுத்தில் முன்னறிவித்து நேரில் வந்து, உண்மையிலேயே ஆட்கள் வருகிறார்களா என்று கணக்கெடுப்பார்கள்.

வெளியே வந்ததும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து நான் சித்தியின் கையைப் பிடித்தேன். உதறினாள். “கணக்கெடுப்பாங்களாம். நாளெல்லாம் அடுத்தவங்க அழுக்கைத் துடைச்சிட்டு வந்து ரெண்டு மணி நேரம் பாடுறவங்க முன்னாடி, நோட்டும் பேனாவுமா உட்கார்ந்து எண்ணுவாங்களாம். இவனுங்க ஆறு வருஷமா ஒரு கதவைத் திறக்கல. அதை யாரு எண்ணினா?”

பாட்டுக் குழுத் தலைவி படிக்கட்டில் காத்திருந்தாள். “பேரு சொல்லல, நன்றி,” என்றாள் விறைப்பாக. “ஆனா அவங்க வந்து உட்கார்ந்தா நாங்க வர மாட்டோம். பதினாலு பேரும் பேசியாச்சு. எங்க தொண்டையைப் பார்த்து மார்க் போட யாரும் வேணாம்.”

“நீங்க வரலைன்னா பூஜ்யம்னு எழுதுவாங்க. அதோட முடிஞ்சுது.”

“தெரியும்,” என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. “தெரிஞ்சுதான் சொல்றேன்.”

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது: முதல் ஆய்வு, செவ்வாய், மாலை ஆறு மணி, அதிகாரிகள் இருவர். அதைப் படித்ததும் சித்தி நேரே மேசைக்குப் போனாள். பிறகு பென்சிலைச் சீவினாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பக்கத்தில் இது வந்தது:

‘என்ன: நகராட்சி அதிகாரிகள் ஆள்களை எண்ணுதல். எங்கே: மக்கள் அரங்கம். எப்போது: செவ்வாய், மாலை 6. யார் வரலாம்: யாரும்; ஐம்பது பேர் வரை.’

ஆசிரியர் போனில் கத்தியது என் அறைக்குக் கேட்டது. சித்தி, “நாலு விவரமும் சரியா இருக்கா சார்? அப்ப என்ன தப்பு?” என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

அந்தச் செவ்வாய் மாலை ஐந்தரைக்கே ஜனம் வந்துவிட்டது. டெய்லர் வாசலில் நின்று எண்ணி எண்ணி உள்ளே விட்டார். அதிகாரிகளின் இரண்டு நாற்காலிகளை மேடையைப் பார்த்துப் போட்டிருந்தோம். மற்ற நாற்காலிகளை எல்லாம் அந்த இரண்டு நாற்காலிகளைப் பார்த்துப் போட்டிருந்தோம். தங்களை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சித்தி வாக்குக் கொடுத்த பிறகே வரச் சம்மதித்த பாட்டுக்காரப் பெண்கள் பக்கவாசல் வழியாக மேடைக்குப் போய்விட்டார்கள். திரை மூடியிருந்தது. கீழே ஒரு சாண் இடைவெளியில் செருப்பில்லாத பாதங்கள் வரிசையாகத் தெரிந்தன.

அதிகாரிகள் இருவரும் நுழைந்து, நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவர் சித்தியிடம் வந்தார்.

“இவங்க எல்லாம் எதுக்கு வந்திருக்காங்க மேடம்?”

“உங்களைப் பார்க்கத்தான்.”

“எங்களையா?”

“பேப்பர்ல போட்டிருந்ததே. உட்காருங்க. உங்களுக்கும் இது ஒத்திகைதான், தப்பு வந்தாலும் பரவாயில்ல.”

“திரையைத் திறந்தாத்தானே எண்ண முடியும்?”

“திரை திறக்காது. எண்ண முடியுமான்னு நீங்களே பார்த்துக்குங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, பேனா முனையால் காற்றில் குத்தி எண்ணத் தொடங்கினார். கூட்டம் வைத்த கண் வாங்காமல் அவரைப் பார்த்தது. பாதியில் ஒரு கால் நகர்ந்தது. அவருக்குக் கணக்குத் தப்பியது. முதலிலிருந்து எண்ணினார். பின்வரிசையில் யாரோ, “மறுபடியும் ஆரம்பிக்கிறாரு,” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அவருடைய காது சிவந்தது.

“இருபத்தெட்டு காலு,” என்றார் கடைசியில்.

“அப்ப பதினாலு பேரு,” என்றார் மூத்தவர், எழுதிக்கொண்டே.

வாசலில் நின்ற டெய்லர் தொண்டையைக் கனைத்தார். “அந்தத் திரை நான் தைச்சது,” என்றார். பத்து வருடத்தில் அவர் அதைத் தானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

திரைக்குப் பின்னால் பாட்டு எழுந்தது. இரண்டாவது வரியிலேயே யாரோ ஒருத்தி சுருதி தப்பி மேலே போய்விட்டாள். நிறுத்தினார்கள். தலைவி திட்டுவது கேட்டது. மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி அதே இடத்தில் தவறினார்கள். கூட்டத்தில் ஒருவர்கூட மேடைப் பக்கம் திரும்பவில்லை. அப்படித் திரும்பக் கூடாது என்று சித்தி வாசலிலேயே ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் விட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு ஆய்வுகள் முடிந்துவிட்டன. இரண்டுக்கும் ஐம்பது பேர் வந்தார்கள். இளைய அதிகாரி அடுத்த முறைக்கு விடுப்புக் கேட்டிருப்பதாகப் பேச்சு. தீர்மானத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. என்ன முடிவெடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் முதல் ஆய்வு முடிந்து எல்லோரும் போன பிறகு சித்தி செய்ததைச் சொல்ல வேண்டும். மேடையைச் சுற்றிக்கொண்டு பின்கதவுக்குப் போனாள். கையை வைத்துத் தள்ளினாள். தோளை வைத்துத் தள்ளினாள். துரு உதிர்ந்து அவள் சட்டைத் தோளில் ஒட்டியது. தட்டிவிடாமல் அப்படியே வீட்டுக்கு நடந்து வந்தாள்.

அந்த வாரத்திலிருந்து கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி தவறாமல் வருகிறது. புதன்கிழமைதோறும் போய்த் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறாள்.

‘மக்கள் அரங்கம், பின்கதவு: இந்த வாரமும் திறக்கவில்லை.’